படகு இறக்கும் சரிவு

கழிப்பறைக்கு ஒரு படி இருக்கிறது. ஒரே ஒரு படிதான், ஒரு சாண் உயரம் இருக்கும், ஆனாலும் படி படிதான், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. மரக்கதவு, உள்ளே குழி, குழிமேல் ஓர் இருக்கை, சுவரில் வலை அடித்த ஒரு சின்ன ஜன்னல், நூட்சன் வளைவு என்கிற இந்தக் கேம்ப்கிரவுண்டின் சகல வசதியும் இவ்வளவுதான். பாஸ்கரன் இதைப் பார்த்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான். வல்லியக்கா, ஏழு குடும்பத்தையும் மூணு நாள் இங்கயா வைக்கப் போறீங்க என்பான், எங்களை விடுங்க, நீங்க எப்படிக்கா ஏறுவீங்க என்பான், அந்த இரண்டாவது கேள்விக்குக் குரல் கொஞ்சம் இறங்கும், இறங்கும்போது அவன் கண் என் இடது காலுக்குப் போய்த் திரும்பும். நல்ல பையன். அதுதான் வம்பே. கெட்டவனாக இருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு முடித்திருப்பேன். சீடார் ராப்பிட்ஸ் தமிழ்க் குடும்பங்கள் ஏழும் ஆகஸ்டில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவது இருபது வருஷமாக நடக்கிறது, அயோவாவில் எந்த ஆற்றங்கரையில் எத்தனை குழாய், எந்தக் குழாயில் வெந்நீர் என்று பாஸ்கரனுக்கு மனப்பாடம். பொங்கலன்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம், யார் பெயர் வருகிறதோ அவர்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, இது சட்டம். சட்டம் என்றால் நம்மவர்கள் சட்டம், யார் பெயர் வந்தாலும் கடைசியில் பாஸ்கரன்தான் பார்த்துச் சொல்வான். சொல்லும்போது கடைசி வரியாக, கல்யாணப் பத்திரிகையின் அடியில் தங்கள் நல்வரவை விரும்பும் என்று போடுவதைப்போல, வல்லியக்காவுக்காக ஊனமுற்றோர் கழிப்பறை இருக்கான்னு பாத்துத்தான் எடுத்திருக்கோம் என்பான். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள். இருபது வருஷம் எனக்காகக் கக்கூஸ் பார்த்து இடம் எடுத்தார்கள், ஒரு வருஷமாவது எனக்காக ஆற்றைப் பார்த்து எடுத்தார்களா. இந்தப் பொங்கலுக்குச் சீட்டு எழுதியவள் பாஸ்கரன் மகள் ரித்திகா. எப்போதும் ஆண்கள் பெயரைத்தான் போடுவார்கள், இவள் யாரையும் கேட்காமல் ஆண் பெண் எல்லோர் பெயரையும் எழுதிப் போட்டுவிட்டாள். செண்பகவல்லி என்று என் பெயர் வந்தது. அக்காவுக்கு அலைச்சல், நாங்க பாத்துக்கறோம் என்று பாஸ்கரன் ஆரம்பித்தான். வாயைத் திறக்கக் கூடாது தம்பி, சட்டம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, அதைக் கவனித்தது ரித்திகா மட்டும்தான்.

இப்போது ஜூன் மாதம், புதன்கிழமை, மணி ஒன்பது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நானே கார் ஓட்டி வந்திருக்கிறேன். இடது கால்தான் போலியோ, வலது கால் சொன்னபடி கேட்கும், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஒரு கால் போதும், இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன். வழியெல்லாம் மக்காச்சோளம், முழங்கால் உயரம்கூட வரவில்லை, மேடு ஏறி இறங்கினால் மறுபடியும் மக்காச்சோளம், அப்புறம் திடீரென்று மண் சாலை, மரக்கூட்டம், வான்கோழி ஆறு. ஆற்றுக்கு வைக்கிற பெயரா இது. நுழைவில் ஒரு பழைய டிரெய்லர் வீட்டில் இருக்கும் லொரெயின்தான் இந்த இடத்துக்குக் காவல்காரி, கணக்குப்பிள்ளை, துப்புரவு எல்லாம். எழுபது வயது இருக்கும், ஆண்பிள்ளைத் தொப்பி, சின்ன மோட்டார் வண்டி ஒன்றில் குப்பைத் தொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை என் மனசு வழக்கம்போல நம்ம பேச்சாக்கிப் போட்டுக்கொண்டது. "பெரிய இடம் ஒண்ணுதான் இருக்கு, ஏழு கூடாரம் தாராளமா அடிக்கலாம். ஆனா ஆகஸ்டு ரெண்டாவது வாரத்துக்கு ஒரு சர்ச் குழுவும் கேக்கறாங்க, ஒன்பதரைக்கு மறுபடி ஃபோன் பண்ணுவாங்க. நான் ஒரு சுத்து போய்ட்டு வரேன், அதுக்குள்ள சொல்லிரு" என்றாள். கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். போகிற போக்கில் வண்டியை நிறுத்தி, "படகு இறக்கற சரிவைப் பாக்கணும்னா இடதுபக்கமாவே போ, படகு டிரெய்லர் டயர் போற பக்கம். வலதுபக்கம் பாசி" என்று கத்திவிட்டுப் போனாள். அப்போதுதான் அதைப் பார்த்தேன். மீன் பிடிக்கிறவர்கள் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிவந்து படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு ஒரு சிமெண்டுச் சரிவு. வழுக்காமல் இருக்கக் குறுக்கே கோடு கோடாகப் பள்ளம் கீறியிருக்கிறது. மேலே மண்சாலையில் தொடங்கி, படி கிடி எதுவும் இல்லாமல், நேராக ஆற்றுக்குள் போய் மறைகிறது. பக்கத்தில் ஒரு மிதவை மேடை, அதன் ஓரமாக இடுப்புயரத்துக்கு இரும்புக் குழாய். நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் இத்தனை ஆற்றங்கரைகளில் இது இருந்திருக்கும்தானே. மீன் பிடிக்கிறவர்களுக்காகப் போட்டது, நமக்கில்லை என்று ஒருத்தரும் அந்தப் பக்கமே போனதில்லை. ஒரு படகுக்கு இருக்கிற வழி எனக்கு இல்லாமல் போய்விட்டது.

ஆனால் எனக்குத்தான் தண்ணீர் என்றால் பயமாயிற்றே. இதோ வந்துவிட்டது, எங்கே காணோம் என்று பார்த்தேன். எதை யோசித்தாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில் வந்து புடவை முள்ளில் மாட்டியதுபோல மாட்டிக்கொள்கிறேன். வல்லியக்காவுக்குத் தண்ணின்னா பயம். யார் சொன்னது, நான்தான் சொன்னேன். முதல் வருஷம், பெரிய அரசுப் பூங்கா, கூடாரம் மேலே, ஆறு கீழே, நடுவில் அறுபத்திரண்டு மரப்படி. எண்ணியிருக்கிறேன், எண்ணுவதைத் தவிர வேறு என்ன வேலை எனக்கு. எல்லோரும் துண்டும் டிராயருமாகக் கிளம்பும்போது பாஸ்கரன் நின்றான். அக்காவை விட்டுட்டா போறது, நாலு பேரு சேந்தா சேரோட தூக்கிரலாம் என்றான். நாலு பேர் வந்துவிட்டார்கள். நாற்காலியின் ஒரு காலைப் பாஸ்கரன் பிடித்தான், இன்னொன்றை என் வீட்டுக்காரர் திரவியம், மற்ற இரண்டை யாரோ. அரை அடி தூக்கியும்விட்டார்கள். சாமி சப்பரத்தில் போகும், செத்தவர் பாடையில் போவார், நான் எதில் சேர்த்தி. பெண்கள் எல்லோரும் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை, இறக்குங்க, இறக்குங்க, எனக்குத் தண்ணின்னா பயம் என்று கத்தினேன். உடனே இறக்கிவிட்டார்கள். ஐயோ பாவம், தெரியாமப் போச்சே என்றார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. அடுத்த வருஷத்திலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை, பயப்படுகிறவளைக் கூப்பிடுவது பாவம் இல்லையா. நல்ல நாற்காலியை நிழலில் போட்டு, எலுமிச்சைச் சோற்றையும் இட்லிப் பானையையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். சோறு திருட ரக்கூன் என்கிற பிராணி வரும். கரண்டியை எறிவேன். குறி தப்பாது, அதில் எனக்கு ஊரெல்லாம் பேர். கீழே தண்ணீரில் அடிக்கிற சத்தமும் சிரிப்பும் மேலே வரும், கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் ஈரத்தோடு ஏறிவந்து, செம தண்ணிக்கா என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்படுவார்கள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் குற்றாலம் கூட்டிப்போனபோதும் இதே கதைதான். வழுக்கும், நீ உக்காரு என்று டீச்சர் முப்பத்து நாலு பேர் மாற்றுத்துணியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அருவியின் சாரல் அவ்வளவு தூரம் வந்தது, நான் துணி நனையாமல் குனிந்து மூடிக்கொண்டேன். நனைந்திருக்கலாம். முப்பத்து நாலு பேர் துணியும் நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம், இத்தனை வயசுக்கு அப்புறம் புத்தி வருகிறது. இந்தப் பொய்யில் எனக்குப் பிரச்சினை அது பொய் என்பதில்லை. இருபது வருஷம் ஒரு பொய்யைச் சொன்னால் அது உள்ளே போய் என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதுதான். இப்போதெல்லாம் பாலத்தில் கார் போகும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறேன். அது பயமா, சொல்லிச் சொல்லி நானே போட்டுக்கொண்ட பழக்கமா, எப்படிக் கண்டுபிடிப்பது, யாரைக் கேட்பது.

ஃபோன் துடிக்கிறது. ஏழு குடும்பத்துக்குமான அரட்டைக் குழுவில் பாஸ்கரன் எழுதியிருக்கிறான். வல்லியக்கா, உங்க இஷ்டம்தான், நான் ஒண்ணும் சொல்லலை, ஆனா போன வருஷம் போன பூங்காவுல இன்னும் இடம் காலியா இருக்கு, வெந்நீர் ஷவர் இருக்கு, உங்களுக்குச் சாய்வுப் பாதையோட கழிப்பறை இருக்கு, நீங்க சரின்னா ஒரு நிமிஷத்துல போட்டுருவேன். சரி என்று இரண்டு எழுத்து தட்டினால் போதும், ஆளாளுக்குக் கும்பிடும் கை பொம்மையை அனுப்புவார்கள், ஆகஸ்டில் நல்ல நாற்காலியும் நிழலும் தயார். இங்கே எடுத்தால் என்னென்ன கேட்க வேண்டும். குளிக்க வசதி இல்லை, குழந்தைகள் குழிக் கக்கூஸைப் பார்த்து அலறும், கொசு, அதற்கு மேல் ஒவ்வொருத்தரும் தனித்தனியாக வந்து, எங்களுக்குப் பரவால்லக்கா, உங்களுக்குத்தான் கஷ்டம் என்பார்கள். எங்களுக்குக் கஷ்டம் என்று ஒருத்தராவது சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுச் சரிவின் தலைப்பில் நிற்கிறேன். மணி ஒன்பது பத்து. சும்மா பார்க்கத்தான், தண்ணீர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடலாம். சரிவில் இறங்க, இடது காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பர் ஒத்துழைக்காது, முட்டியைப் பூட்டினால்தான் கால் நிற்கும், பூட்டினால் மடங்காது, அதனால் பக்கவாட்டில் திரும்பி, வலது கையில் தடியை முதலில் ஊன்றி, வலது காலை வைத்து, இடதை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளம். இன்னொரு பள்ளம். சிமெண்டு நன்றாகவே பிடிக்கிறது. மிதவைக் குழாய் இடது கைக்கு எட்டிவிட்டது. மேலே பஞ்சு மரம் பஞ்சைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, மூக்கில் ஏறுகிறது, தண்ணீர்மேல் விழுந்து ஊர்வலமாகப் போகிறது. தண்ணீர் டீ நிறம். வயலில் போட்ட உரமும் மண்ணும் கலந்த வாசனை, கங்கையும் இல்லை காவேரியும் இல்லை, இதில் புண்ணியம் கிண்ணியம் எதுவும் கிடைக்காது, நல்லதாகப் போயிற்று. காலைக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் மாட்டிக்கொண்டு வந்திருப்பது பழைய காலிப்பர். தோல் வெடித்த, பூட்டு கொஞ்சம் தளர்ந்த, மூன்று வருஷமாக அலமாரியில் கிடந்தது. ஏன் இதைப் போடுத என்று காலையில் திரவியம் கேட்டதற்குப் புதுசு கடிக்குது என்றேன். புதுசு கடிக்கவே இல்லை. புதுசு நனைந்தால் வீணாகிவிடும். அப்படியென்றால் படுக்கையை விட்டு எழும்போதே என் கை முடிவு செய்துவிட்டது, தலைக்குத்தான் தகவல் வரவில்லை. அடி கள்ளி என்று என்னையே ஒரு திட்டு திட்டினேன். சந்தோஷமாக இருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, இரண்டும் ஒரே நேரத்தில்.

வலது காலை வைத்தாயிற்று. குளிர். ஜூன் மாதத் தண்ணீர் இவ்வளவு குளிரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே, செம தண்ணி என்றுதானே சொன்னார்கள். இப்போது இடது. எல்லோரும் நினைப்பது போலியோ கால் மரத்த கால் என்று, டாக்டர் தவிர ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, அதற்குப் பலம்தான் கிடையாது, உணர்ச்சி முழுசாக உண்டு, வலதைவிட ஒரு பங்கு கூடவே உண்டு, எறும்பு ஊர்ந்தால் தெரியும். ஒரு வயதில் காய்ச்சல் வந்ததிலிருந்து தோலுக்கும் இரும்புக்கும் உள்ளே கிடந்த கால். ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது. விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகப் புகுந்தது, ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தது, இதுவரை அந்த ஐந்தும் எனக்கு ஒரே விரலாகத்தான் இருந்தது. ஐயோ என்றேன் வாய்விட்டு. அப்போது வந்தது பயம். நிஜப் பயம், ஆறு என்னை அல்ல உலகத்தையே இடதுபக்கமாக இழுக்கிறது, கரை நகர்கிறது, தடியின் ரப்பர் ஒரு கணம் வழுக்கி மறுபடி பிடித்தது. விழுந்தால் பூட்டிய முட்டியோடு எழுந்திருக்க முடியாது, இங்கே யாரும் இல்லை, மீனோடு மீனாகப் போக வேண்டியதுதான், திரவியம் பாவம், பாலுக்கு உறைகூட ஊற்றத் தெரியாது. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஆக, பொய் இல்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இருபது வருஷமாக நான் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேனா. இல்லையே, அன்றைக்கு நாற்காலியில் எனக்கு இந்தப் பயம் இல்லையே, அது வேறு. அது நாலு பேர் கையில் இருந்த பயம். இது என் காலில் நிற்கிற பயம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் கீழே போன ஒவ்வொருத்தனுக்கும் இது இருந்திருக்கும், பாஸ்கரனே கழுத்தளவுக்கு மேல் போக மாட்டான் என்று அவன் மனைவி சொல்லியிருக்கிறாள். பயம் இருக்கிறவர்கள் எல்லோரும் ஆற்றில் நின்றார்கள், நான் மட்டும் மேலே உட்கார்ந்து கருவாட்டுக்குக் காவல் இருந்தேன். கண்ணைத் திறந்து இன்னொரு பள்ளம் இறங்கினேன். கணுக்கால் தோல்பட்டி நனைந்தது. இன்னொன்று. கெண்டைக்கால் பட்டி. அந்தச் சூம்பிய காலைச் சுற்றித் தண்ணீர் ஓடியது, சூம்பிய கால் என்று அதற்கு என்ன தெரியும், வலதைச் சுற்றியும் அப்படியேதான் ஓடியது. இன்னொன்று. பூட்டு முங்கிவிட்டது. எனக்கு ஐம்பத்தாறு வயது, ஒரு ஆற்றில் நிற்கிறேன், ஒருத்தரும் தூக்கவில்லை. சொந்த ஊர் கோவில்பட்டிக்கே கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்தினேன், வார்த்தை எதுவும் இல்லை, வெறும் கத்து. அக்கரையில் ஏதோ பறவைகள் கிளம்பின.

"ஏதாச்சும் ஆயிருச்சா?" என்று மேலிருந்து லொரெயின் குரல். வண்டியைச் சரிவின் தலைப்பில் நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம் என்றேன். "சரி. சர்ச்காரங்களுக்கு என்ன சொல்ல?" என்றாள். இடம் எனக்கு என்றேன். இது எனக்கு என்று நான் யாரிடமும் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. பெயர் கேட்டாள். திரவியம் பெயரைக் கொடுப்பதுதான் பழக்கம், சுருக்கம் என்று. செண்பகவல்லி என்று முழுசாகச் சொன்னேன், எழுத்து எழுத்தாக, அவள் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு நோட்டில் எழுதினாள், எழுதி முடித்து ஒரு தடவை படித்தும் பார்த்தாள், ஏறக்குறையச் சரியாகவே வந்தது. பிறகு, "கழிப்பறையில ஒரு படி இருக்கு, பாத்தியா?" என்றாள். ஆக, என் காலைப் பார்த்திருக்கிறாள், வந்து இறங்கியபோதே பார்த்திருக்கிறாள். பார்த்தேன், ஏறிக்கொள்வேன் என்றேன். "ம்" என்றாள், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். கை கொடுக்கட்டுமா, பத்திரம் கண்ணு என்று ஒன்றும் இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தடியை முழங்கையில் தொங்கவிட்டு, மிதவையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, ஃபோனை எடுத்துக் குழுவில் நூட்சன் வளைவு, ஆகஸ்டு இரண்டாவது வாரம், பெயர் கொடுத்தாயிற்று, வெந்நீர் கிடையாது என்று போட்டேன். மன்னிக்கவும் என்று எழுதி, அதை அழித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரவியம் கூப்பிட்டார். "என்ன வல்லி, அவசரப்பட்டுட்டியோ? பாஸ்கரன் பதறுதான். கக்கூஸ் எப்படி?" என்றார். "குழிக் கக்கூஸ். ஒரு படி இருக்கு" என்றேன். "பெறகு ஏன் அதப் போயி எடுத்த?" "இங்க ஆத்துக்குள்ள எறங்க வழி இருக்குங்க." "உனக்குத் தண்ணின்னா பயம்லா?" என்றார், அவர் குரலில் நிஜமான கவலை. சொல்லிவிடலாமா வேண்டாமா என்று யோசிக்கவே இல்லை, வாய் திறந்துவிட்டது. "அன்னைக்கு நாலு பேரு சேரோட தூக்குனீங்கள்லா, அதுக்குப் பயந்து சொன்னேன்" என்றேன். அவர் அலுவலகத்தில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது. பிறகு, "நானும்லா ஒரு பக்கம் புடிச்சேன்" என்றார். "ஆமா." "இருவது வருசம் சொல்லலியே வல்லி." "நீங்களும் கேக்கலியே." நான் பொறுமையாக நின்றேன், ஆறு என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. "இப்ப எங்க நிக்க?" என்றார். "ஆத்துல." "எம்புட்டுத் தண்ணி?" "முழங்காலு." "எந்த முழங்காலு?" என்று கேட்டார், கேட்டது அவருக்கே உறைத்திருக்க வேண்டும், மூச்சை இழுத்துக்கொண்டார்.

"ரெண்டும்" என்றேன்.